சூரியனுக்குத் திரை போட்ட விஞ்ஞானி

இரவு நேரம். சாலையில் நடந்து போகிறீர்கள். எதிரே ஒரு லாரி வருகிறது. அதன் விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது.

லாரிக்குப் பக்கத்தில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார். அவர் உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

உடனே நீங்கள் என்ன செய்கிறீர்கள்? கையைத் தூக்கி, லாரி விளக்கை மறைத்துக் கொள்கிறீர்கள். இப்போது சைக்கிள்காரர் தெரிகிறார்!

பெரிய வெளிச்சத்தை மறைத்தால், அதன் அருகே உள்ள மங்கலான பொருள் தெரியும். இது சிறு குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

ஆனால், இதையே சூரியனுக்குச் செய்ய முயன்ற பெரிய விஞ்ஞானிகள் ஒருவர் பின் ஒருவராகத் தோற்றுப் போனார்கள். ஏறக்குறைய 50 ஆண்டு காலம் தோல்விதான்.

கடைசியில் ஒருவர் வென்றார். அவர் பிரான்சு நாட்டுக்காரர். பெயர், பெர்னார் லியோ.

அவருடைய வெற்றியின் ரகசியம் என்ன? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

சூரியனின் மகுடம்

முழு சூரிய கிரகணத்தின்போது, சந்திரன் சூரியனை முற்றிலும் மறைத்துவிடும். பட்டப்பகலில் இருட்டு சூழும். பறவைகள் கூட்டுக்குத் திரும்பும்.

அந்த நேரத்தில், கறுத்த சந்திரனைச் சுற்றிலும் வெள்ளி நிறத்தில் ஓர் ஒளி தெரியும். ராஜாவின் தலையில் இருக்கும் மகுடம் போல அது இருக்கும். அதனால், அதற்குக் கொரோனா என்று பெயர் வைத்தார்கள். லத்தீன் மொழியில் கொரோனா என்றால் மகுடம் என்று பொருள். (பிற்காலத்தில் உலகையே ஆட்டிவைத்த நோய்க்கிருமிக்கும் இந்தப் பெயர் வந்ததற்கு, அதன் மகுடம் போன்ற உருவமே காரணம்.)

இந்த மகுடம் எப்போதும் சூரியனைச் சுற்றி இருக்கிறது. ஆனாலும், கிரகணம் இல்லாத நாட்களில் அது நமக்குத் தெரிவதில்லை.

ஏன்? அதன் ஒளி மிகவும் மங்கலானது. சூரிய ஒளியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் இருக்கும். முழு நிலவின் வெளிச்சம் எவ்வளவோ, அவ்வளவுதான் அது. சூரியனுக்குப் பக்கத்தில் அது எப்படி எடுபடும்?

ஆகையால், மகுடத்தை ஆராய விரும்பிய விஞ்ஞானிகள் கிரகணத்துக்காகக் காத்திருந்தார்கள்.

காத்திருந்தால் மட்டும் போதுமா? முழு கிரகணம் எல்லா ஊரிலும் தெரியாது. ஓர் ஊரில் ஒரு முறை தெரிந்தால், அதே ஊரில் மறுபடியும் தெரிய, சராசரியாக 375 ஆண்டுகள் ஆகும். எனவே, கருவிகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு, கிரகணம் தெரியும் நாட்டைத் தேடிப் போவார்கள்.

அங்கே கிடைப்பது எவ்வளவு நேரம்? இரண்டு நிமிஷம், மூன்று நிமிஷம். மிக நீண்ட கிரகணம்கூட ஏழரை நிமிஷத்தைத் தாண்டாது. அந்த நேரம் பார்த்து ஒரு மேகம் வந்தால், எல்லாம் வீண்!

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விஞ்ஞானி தம் வாழ்நாளில் இருபது கிரகணங்களைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம். மொத்தம் ஒரு மணி நேரம். ஆயுள் முழுவதும் அலைந்தாலும், அவருக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம்தான்!

குண்டூருக்கு வந்த பிரெஞ்சுக்காரர்

இப்படிக் கிரகணத்தைத் தேடி நம் பக்கம் வந்தவர்களும் உண்டு.

1868-ம் ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி ஒரு முழு சூரிய கிரகணம் ஏற்பட்டது. அதைப் பார்க்க, ஜான்சன் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி குண்டூருக்கு வந்தார். குண்டூர் அப்போது சென்னை மாகாணத்தில் இருந்தது.

கிரகணத்தின்போது, சூரியனின் ஓரத்தில் சிவப்பு நிறத் தீ நாக்குகள் எழும்பி நிற்பதை அவர் கண்டார். ஒளியை நிறம் நிறமாகப் பிரிக்கும் கருவி அவரிடம் இருந்தது. அதன் மூலம், மறுநாள் கிரகணம் இல்லாதபோதும் அந்தத் தீ நாக்குகளைப் பார்த்துவிட்டார்!

தீ நாக்குகள் சில நிறங்களில் மட்டுமே பளிச்சென்று எரிகின்றன. அதனால் அவை அகப்பட்டுக் கொண்டன. மகுடத்தின் ஒளியோ, எல்லா நிறங்களிலும் பரவிக் கிடப்பது. ஆகவே, அது அந்த முறைக்கு அகப்படவில்லை.

ஜான்சன் தாய்நாடு திரும்பினார். சில ஆண்டுகளுக்குப் பிறகு, பாரிஸ் நகருக்கு அருகே மியூடோன் என்ற இடத்தில் ஒரு வான ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார். அவர் 1907-ம் ஆண்டு காலமானார்.

அவர் விட்டுச் சென்ற வேலையை முடித்தவர், அதே மியூடோனில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞர். அவர்தான் லியோ.

மின்சாரம் படித்தவர்

பெர்னார் லியோ, 1897-ம் ஆண்டு பிப்ரவரி 27-ந் தேதி பாரிஸ் நகரில் பிறந்தார்.

அவர் படித்தது வான சாஸ்திரம் அல்ல, மின்சாரப் பொறியியல்! பாரிசில் உள்ள உயர்தர மின்சாரப் பள்ளியில் படித்துப் பட்டம் பெற்றார். முதல் உலகப்போர் முடிகிற சமயம் அது.

பிறகு, ஆல்பிரட் பெரோ என்ற பேராசிரியரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். பெரோ, ஒளியைப் பற்றிய ஆராய்ச்சியில் பெரும் புள்ளி. ஒளியை அளப்பது எப்படி, கருவிகளை நுட்பமாகச் செய்வது எப்படி என்ற பாடங்கள் லியோவுக்கு அங்கே கிடைத்தன.

1920-ம் ஆண்டு மியூடோன் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

நிலவின் தூசி

லியோவுக்கு ஒரு குணம் உண்டு. கடையில் கிடைக்கும் கருவி போதவில்லை என்றால், புதிய கருவியை அவரே உண்டாக்கிவிடுவார்.

சந்திரனும் மற்றக் கிரகங்களும் சொந்தமாக ஒளி விடுவதில்லை. சூரிய ஒளியைத்தான் அவை திருப்பி அனுப்புகின்றன. அப்படித் திரும்பும்போது ஒளியின் அதிர்வில் ஒரு சிறு மாற்றம் ஏற்படும். மணலில் பட்டுத் திரும்பினால் ஒரு மாதிரி. பாறையில் பட்டுத் திரும்பினால் வேறு மாதிரி.

கண்ணால் பார்த்தால் இந்த மாற்றம் தெரியாது. ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தைக்கூடக் கண்டுபிடிக்கும் ஒரு கருவியை லியோ செய்தார்.

அதை வைத்துச் சந்திரனைப் பார்த்தார். பிறகு, பூமியில் உள்ள பல பொருள்களை எடுத்துச் சோதித்து ஒப்பிட்டார். எரிமலைச் சாம்பல் ஒத்து வந்தது. ஆகவே, சந்திரனின் மேற்பரப்பு சாம்பல் போன்ற மெல்லிய தூசியால் மூடப்பட்டிருக்க வேண்டும் என்று முடிவு செய்தார்.

1929-ம் ஆண்டு வெளியான ஆராய்ச்சி இது. சரியாக 40 ஆண்டுகள் கழித்து, 1969-ம் ஆண்டு மனிதன் சந்திரனில் கால் வைத்தான். அவன் கால் பதிந்தது, மெல்லிய தூசியில்தான்!

எட்டாத தூரத்தில் இருக்கும் தூசியை ஒளியைக் கொண்டே கண்டுபிடித்தவர் லியோ. அடுத்தபடியாக, தம் கருவிக்கு அருகே இருந்த தூசியோடு அவர் போராட நேர்ந்தது.

தோற்றவர்கள்

கிரகணம் இல்லாமலே மகுடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை பலருக்கு இருந்தது.

1882-ம் ஆண்டு, இங்கிலாந்து விஞ்ஞானி ஹக்கின்ஸ் முயன்று பார்த்தார். பலிக்கவில்லை.

அமெரிக்க விஞ்ஞானி ஹேல், 1893-ம் ஆண்டு தம் நாட்டில் 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் சிகரத்தில் ஏறி முயன்றார். அங்கும் முடியவில்லை. மறு ஆண்டு, இத்தாலியில் உள்ள எட்னா எரிமலை மீது ஏறினார். அங்கும் தோல்வி.

மேலும் சிலர் முயன்று கைவிட்டார்கள். அது நடக்கவே நடக்காத காரியம் என்ற எண்ணம் பலருக்கு வந்துவிட்டது.

டெலஸ்கோப்புக்குள் சூரியனின் உருவம் விழும் இடத்தில், ஒரு வட்டத் தகட்டை வைத்து மறைத்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம்.

போதாது! சூரியனை மறைத்த பிறகும், டெலஸ்கோப்புக்குள் வெளிச்சம் நிறைந்திருக்கும். அந்த வெளிச்சத்தில் மகுடம் மூழ்கிப் போகும்.

அந்த வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? லியோ இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டார்.

மூன்று எதிரிகள்

ஓட்டு வீட்டில், கூரையில் உள்ள ஒரு துவாரத்தின் வழியாக வெயில் உள்ளே விழுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வெயில் கற்றையில் ஆயிரக்கணக்கான தூசிகள் மின்னிக்கொண்டு மிதக்கும். அவற்றின் மீது வெயில் பட்டு, நாலா பக்கமும் சிதறுகிறது.

டெலஸ்கோப்பைச் சுற்றியும் இதேதான் நடந்தது. லியோ ஒவ்வொன்றாகச் சோதித்தார். மகுடத்தை மறைக்கும் எதிரிகள் மூன்று என்று கண்டார்.

முதல் எதிரி, காற்றில் உள்ள தூசி. சூரியனைச் சுற்றியுள்ள வானம் வெள்ளையாகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம்.

இரண்டாவது எதிரி, கருவியின் லென்ஸ். லென்சுக்கு உள்ளே மிகச் சிறிய காற்றுக் குமிழிகள் இருக்கும். மேலே மெல்லிய கீறல்கள் இருக்கும். தூசி படிந்திருக்கும். சூரிய ஒளி பட்டதும், இவை ஒவ்வொன்றும் நட்சத்திரம் போல ஜொலிக்கும்.

மூன்றாவது எதிரி, லென்சின் விளிம்பு. குளத்து அலை ஒரு கல்லின் ஓரத்தில் பட்டால், வளைந்து பின்பக்கம் போகும் அல்லவா? ஒளியும் அப்படித்தான். லென்சின் விளிம்பில் பட்ட ஒளி வளைந்து உள்ளே பரவுகிறது.

இந்த மூன்று எதிரிகளையும் வெல்லாமல், சூரியனை மறைத்துப் பயன் இல்லை.

மலை உச்சியில்

முதல் எதிரியை வெல்ல, லியோ மலை ஏறினார்.

பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் நடுவே பிரனீஸ் மலைத்தொடர் இருக்கிறது. அதில் பிக் டு மிடி என்று ஒரு சிகரம். உயரம் 2,877 மீட்டர். அதாவது, சுமார் 9,400 அடி. நம் தொட்டபெட்டாவைவிட உயரம்.

சிகரத்தின் மேல் ஒரு வான ஆராய்ச்சிக் கூடம் இருந்தது. மேகங்கள் பல நாள் அதற்குக் கீழேயே தங்கிவிடும். மழையும் பனியும் பெய்து ஓய்ந்த பிறகு, காற்று கழுவிவிட்டாற்போல இருக்கும்.

இன்று அங்கே கம்பி வழியாகப் போகும் தொங்கு வண்டி இருக்கிறது. லியோ முதலில் சென்றபோது அந்த வசதி கிடையாது. பனிக்காலத்தில், உணவையும் சாமான்களையும் கூலியாட்கள் முதுகில் சுமந்து ஏறுவார்கள். எலும்பை நடுக்கும் குளிர். சூறைக்காற்று அடித்தால், வெளியே தலை காட்ட முடியாது.

அங்கேதான் லியோ தம் கருவியைக் கொண்டுபோய் வைத்தார்.

வளையலும் பொட்டும்

இனி, அந்தக் கருவியைப் பார்ப்போம்.

பெரிய டெலஸ்கோப்புகளில் பல லென்சுகளைச் சேர்த்து வைப்பார்கள். லியோ, முன்னால் ஒரே ஒரு லென்சை மட்டும் வைத்தார். லென்சுகள் கூடினால் குறைகளும் கூடும் அல்லவா?

அந்த லென்சுக்குக் கண்ணாடியைத் தேர்ந்து எடுத்தார். உள்ளே குமிழி இருக்கக்கூடாது, கோடு இருக்கக்கூடாது. கீறல் விழாதபடி அதை மெருகேற்றச் செய்தார்.

டெலஸ்கோப் குழாயின் உட்புறத்தில் எண்ணெய்ப் பசையைத் தடவினார். உள்ளே பறக்கும் தூசி அதில் ஒட்டிக்கொள்ளும். லென்சின் மேல் படியாது. எவ்வளவு எளிய யோசனை!

சூரியனின் உருவம் விழும் இடத்தில், வழவழப்பான ஓர் உலோகத் தகட்டை வைத்தார். அது சூரிய உருவத்தைவிடச் சற்றே பெரிது. சூரிய ஒளியை அது பக்கவாட்டில் தள்ளி வெளியேற்றிவிடும். கிரகணத்தில் சந்திரன் செய்யும் வேலையை இந்தத் தகடு செய்தது.

பாக்கி இருந்தது, விளிம்பு ஒளி. இதில்தான் லியோவின் முழுத் திறமையும் வெளிப்பட்டது.

தகட்டுக்குப் பின்னால் இன்னொரு லென்சை வைத்தார். முன்னால் இருக்கும் முதல் லென்சின் உருவம், அதன் மூலம் பின்னால் விழுந்தது. அந்த உருவத்தைப் பார்த்தால், ஓரத்தைச் சுற்றி ஒரு பளபளப்பான வளையல் தெரிந்தது. நடுவிலே பொட்டு வைத்தது போல் ஓர் ஒளிப்புள்ளி தெரிந்தது.

வளையல் எது? முதல் லென்சின் விளிம்பில் வளைந்து வந்த ஒளி. பொட்டு எது? முதல் லென்சுக்கு உள்ளேயே எதிரொளித்து வந்த ஒளி. எதிரிகள் இருவரும் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டார்கள்!

லியோ அங்கே ஒரு தட்டை வைத்தார். நடுவே வட்டமான துவாரம். வளையல் முழுவதும் அந்தத் தட்டில் மோதி நின்றுவிட்டது. பொட்டை மறைக்க, நடுவே ஒரு சிறு தகட்டை வைத்தார்.

இவ்வளவையும் தாண்டி உள்ளே போனது, மகுடத்தின் மெல்லிய ஒளி மட்டுமே.

இந்தக் கருவிக்குக் கொரோனாகிராப் என்று பெயர். மகுடத்தைப் படம் பிடிக்கும் கருவி என்று பொருள். இந்தக் கருவிகளில் அந்தத் துளைத் தட்டுக்கு இன்றும் லியோவின் பெயர்தான் வழங்குகிறது.

மகுடம் தெரிந்தது!

1930-ம் ஆண்டு கோடைக்காலம். பிக் டு மிடி சிகரம்.

கிரகணம் எதுவும் இல்லை. சூரியன் வானத்தில் சுடர்விட்டுக்கொண்டிருந்தது. லியோ தம் கருவியைச் சூரியன் பக்கம் திருப்பினார்.

சூரியனின் ஓரத்தில் தீ நாக்குகள் தெரிந்தன. ஒளியைப் பிரித்துப் பார்த்தபோது, மகுடத்துக்கே உரிய பச்சைக் கோடும் தெரிந்தது. கிரகணத்தில் மட்டுமே மனிதர் கண்டிருந்த கோடு அது!

மறு ஆண்டு, 1931-ல், மகுடத்தை நேராகவே புகைப்படம் பிடித்தார்.

ஆயுள் முழுவதும் அலைந்தால் ஒரு மணி நேரம் என்று இருந்த நிலை மாறிவிட்டது. வானம் தெளிவாக இருந்தால், காலை முதல் மாலை வரை மகுடத்தைப் பார்க்கலாம்!

1935-ம் ஆண்டு முதல், சூரியனின் தீ நாக்குகளைச் சினிமாப் படமாகவும் லியோ எடுத்தார். அவை எழும்புவதையும், வளைவதையும், திரும்பச் சூரியனில் விழுவதையும் மக்கள் திரையில் கண்டு வியந்தார்கள்.

மற்ற நாட்டவரும் அவர் வழியைப் பின்பற்றினார்கள். சுவிட்சர்லாந்தில் வால்டுமயர் இது போன்ற கருவியை ஆல்ப்ஸ் மலையில் நிறுவினார். அமெரிக்காவில் 1940-ம் ஆண்டு, கொலராடோ மலைப்பகுதியில் ஒன்று நிறுவப்பட்டது.

சூரியனில் கொந்தளிப்பு ஏற்பட்டால், பூமியில் ரேடியோத் தொடர்பு கெட்டுப் போகும். ஆகையால், மகுடத்தை நாள்தோறும் கவனிப்பது நாடுகளுக்குத் தேவையாகவும் ஆனது.

சூடான மர்மம்

மகுடத்தின் பச்சைக் கோடு விஞ்ஞானிகளை வெகு காலம் குழப்பி வந்தது. 1869-ம் ஆண்டு கிரகணத்தில் அதை முதன்முதலில் பார்த்தார்கள். பூமியில் உள்ள எந்தப் பொருளும் அந்தக் கோட்டைத் தருவதாகத் தெரியவில்லை. எனவே, அது ஒரு புதிய பொருள் என்று எண்ணி, கொரோனியம் என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

லியோ அந்தக் கோட்டையும் மற்றக் கோடுகளையும் மிகத் துல்லியமாக அளந்து கொடுத்தார். கிரகணத்தின் சில நிமிஷங்களில் அப்படி அளப்பது மிகக் கடினம்.

சுவீடன் நாட்டு விஞ்ஞானி எட்லேன், அந்த அளவுகளைத் தம் கணக்குகளோடு ஒப்பிட்டார். 1940-க்குப் பிந்திய சில ஆண்டுகளில் மர்மம் உடைந்தது. அது புதிய பொருள் அல்ல. நாம் நாள்தோறும் கையாளும் இரும்பு! ஆனால், மிகப் பயங்கரமான சூட்டில் இருக்கும் இரும்பு.

சூரியனின் மேற்பரப்பில் உள்ள வெப்பம் சுமார் 5,500 டிகிரி. மகுடத்தின் வெப்பமோ பத்து லட்சம் டிகிரிக்கும் மேல்! அடுப்பைவிட, அடுப்புக்கு மேலே உள்ள காற்று அதிகமாகச் சுடுவது போன்ற விந்தை இது. இதன் காரணத்தை விஞ்ஞானிகள் இன்னும் ஆராய்ந்து வருகிறார்கள்.

லியோவுக்குப் புகழ் குவிந்தது. 1939-ம் ஆண்டு பிரெஞ்சு விஞ்ஞானக் கழகத்தில் உறுப்பினர் ஆனார். அதே ஆண்டு, இங்கிலாந்தின் ராயல் வானியல் சங்கம் தங்கப் பதக்கம் வழங்கியது. 1947-ம் ஆண்டு, அமெரிக்காவின் புரூஸ் பதக்கம் கிடைத்தது.

அவர் சும்மா இருக்கவில்லை. ஒரே ஒரு நிறத்தை மட்டும் உள்ளே விடும் வடிகட்டி ஒன்றையும் படிகக் கற்களைக் கொண்டு செய்தார். சூரியனை ஆராய்பவர்கள் அதை இன்றும் லியோ வடிகட்டி என்றே அழைக்கிறார்கள்.

கடைசிக் கிரகணம்

1952-ம் ஆண்டு பிப்ரவரி 25-ந் தேதி, ஆப்பிரிக்காவில் உள்ள சூடான் நாட்டில் முழு சூரிய கிரகணம் தெரிந்தது. அதன் தலைநகர் கார்ட்டூமுக்கு லியோ புறப்பட்டுச் சென்றார்.

கிரகணமே தேவையில்லை என்று செய்தவர் அல்லவா அவர்? அவர் ஏன் கிரகணத்தைத் தேடிப் போக வேண்டும்?

காரணம் இருந்தது. சந்திரன், பூமியின் காற்றுக்கு வெளியே நின்று சூரியனை மறைக்கிறது. அப்போது காற்றின் மீது வெயிலே படுவதில்லை. லியோவின் தகடு, டெலஸ்கோப்புக்கு உள்ளே இருக்கிறது. சூரிய ஒளி காற்றைக் கடந்து வந்த பிறகுதான் அது மறைக்கிறது. மலை உச்சியிலும் கொஞ்சம் காற்று இருக்கத்தானே செய்யும்?

ஆகவே, மகுடத்தின் உட்பகுதி அவர் கருவிக்குத் தெரிந்தது. வெளிப்பகுதியோ மேலும் மங்கலானது. அதைப் பார்க்க இன்னும் கிரகணம் தேவைப்பட்டது.

தம் கருவியால் முடியாததை அவர் மறைக்கவில்லை. எதைத் தம் கருவியால் பார்க்க முடியவில்லையோ, அதைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனார்.

கிரகணம் முடிந்த இரண்டாம் நாள், அவருக்கு 55 வயது நிறைந்தது.

வேலையை முடித்துக்கொண்டு அவர் ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். ஏப்ரல் 2-ந் தேதி, எகிப்து நாட்டில், கெய்ரோ நகருக்கு அருகே ரெயிலில் வரும்போது மாரடைப்பு ஏற்பட்டது. லியோ உயிர் துறந்தார்.

வீடு வந்து சேராமலே அவர் வாழ்க்கை முடிந்துவிட்டது.

காற்றைத் தாண்டி

லியோவுக்குத் தடையாக இருந்த காற்றைத் தாண்ட, பின்னால் வந்தவர்களுக்கு வழி பிறந்தது. அவர்கள் கொரோனாகிராப்பை விண்வெளிக்கே அனுப்பினார்கள்.

1995-ம் ஆண்டு டிசம்பர் மாதம் ஐரோப்பாவும் அமெரிக்காவும் சேர்ந்து, சோஹோ என்ற விண்கலத்தை அனுப்பின. அதில் உள்ள கருவி சூரியனை மறைத்துப் படம் பிடித்தது. சூரியனுக்கு அருகே வந்த வால் நட்சத்திரங்களும் அந்தப் படங்களில் அகப்பட்டன. 2024-ம் ஆண்டுக்குள் அப்படி 5,000 வால் நட்சத்திரங்கள் கண்டுபிடிக்கப்பட்டன!

நம் நாடும் பின்தங்கவில்லை. 2023-ம் ஆண்டு செப்டம்பர் 2-ந் தேதி, ஆதித்யா எல்-1 விண்கலம் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் நின்று சூரியனைக் கவனிப்பது அதன் வேலை. அதன் முக்கியமான கருவி ஒரு கொரோனாகிராப். அதைச் செய்தது, பெங்களூரில் உள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம். கொடைக்கானலில் 1899-ம் ஆண்டு தொடங்கிய சூரிய ஆராய்ச்சிக் கூடமும் இந்த நிறுவனத்தைச் சேர்ந்ததே. பிக் டு மிடி சிகரத்தில் லியோ பார்த்த அதே பச்சைக் கோட்டை ஆராயும் வசதி, ஆதித்யாவின் கருவியில் இருக்கிறது.

2024-ம் ஆண்டு டிசம்பர் 5-ந் தேதி, ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஐரோப்பாவின் இரண்டு விண்கலங்கள் நம் ராக்கெட்டில் ஏறிப் போயின. ஒன்று முன்னால் நின்று, 1.4 மீட்டர் அகலத் தட்டினால் சூரியனை மறைக்கும். மற்றொன்று, சுமார் 150 மீட்டர் பின்னால் நின்று படம் எடுக்கும். இது மனிதன் செய்த கிரகணம்!

இன்னொரு பூமி

லியோவின் யோசனை சூரியனோடு நிற்கவில்லை.

வானத்தில் உள்ள ஒவ்வொரு நட்சத்திரமும் ஒரு சூரியன். அவற்றைச் சுற்றியும் கிரகங்கள் உண்டு. ஆனால், நட்சத்திரத்தின் வெளிச்சத்தில் அவை மறைந்து கிடக்கின்றன.

எனவே, நட்சத்திரத்துக்கும் திரை போட்டார்கள். 1984-ம் ஆண்டு, ஸ்மித், டெரைல் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள், பீட்டா பிக்டோரிஸ் என்ற நட்சத்திரத்தைக் கொரோனாகிராப் மூலம் மறைத்துப் படம் எடுத்தார்கள். அதைச் சுற்றித் தட்டுப் போலப் பரவியிருந்த தூசி தெரிந்தது. கிரகங்கள் உருவாவது இப்படிப்பட்ட தூசியிலிருந்துதான்.

2022-ம் ஆண்டு, ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் இதே முறையில் ஒரு நட்சத்திரத்தை மறைத்து, அதைச் சுற்றும் கிரகத்தைப் படம் பிடித்தது. அது வியாழனைவிடப் பெரிய கிரகம்.

நம் பூமியைப் போன்ற சிறிய கிரகத்தைப் பார்ப்பது இன்னும் கடினம். தூரத்திலிருந்து பார்த்தால், சூரிய ஒளியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு ஒளிதான் பூமிக்கு இருக்கும். அவ்வளவு மங்கலான ஒன்றை ஒரு நட்சத்திரத்தின் பக்கத்தில் காண, விஞ்ஞானிகள் மேலும் மேலும் நுட்பமான திரைகளைச் செய்து வருகிறார்கள். ஒளியின் எந்தத் துளி எங்கிருந்து சிதறி வருகிறது என்று, லியோவைப் போலவே தேடுகிறார்கள்.

சந்திரனில் ஒரு பள்ளத்துக்கும் செவ்வாயில் ஒரு பள்ளத்துக்கும் லியோவின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பிக் டு மிடி சிகரத்தில் உள்ள பெரிய டெலஸ்கோப்பும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

குழந்தைகளுக்கு ஒரு வார்த்தை. லியோ செய்தார் என்று நீங்கள் சூரியனை நேராகப் பார்க்காதீர்கள்! கையால் மறைத்தும் பார்க்கக்கூடாது. பைனாகுலர் வைத்தும் பார்க்கக்கூடாது. பார்வை போய்விடும்.

ஆனால், ஒன்று செய்யலாம். வீட்டுக்குள் வெயில் கற்றை விழும்போது, அதில் மிதக்கும் தூசியைக் கவனியுங்கள். அந்தச் சிறு தூசிதான் பெரிய பெரிய விஞ்ஞானிகளைத் தோற்கடித்தது. அதை அலட்சியம் செய்யாமல் துடைத்து எடுத்த ஒருவருக்குத்தான், சூரியன் தன் மகுடத்தைக் காட்டியது.